சைக்கிளில் போன ராக்கெட்!

மாணவச் செல்வங்களே, தீபாவளிக்கு ராக்கெட் விட்டு மகிழ்ந்திருப்பீர்கள். அந்த ராக்கெட் ஒரு காலத்தில் போர்க்கருவியாக இருந்தது தெரியுமா?

மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் படை, இரும்புக்குழாய் ராக்கெட்டுகளை ஆங்கிலேயர் மீது ஏவியது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் வி-2 ஏவுகணைகள் லண்டன் நகரில் விழுந்து பலரைக் கொன்றன. 1957-ல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைச் சுமந்து சென்றதும், அணுகுண்டு வீச சோவியத் நாடு செய்த ஏவுகணைதான்! குண்டு வைக்கும் இடத்தில் செயற்கைக்கோளை வைத்தார்கள். நொடிக்கு சுமார் 8 கிலோமீட்டர் வேகம் கிடைத்ததால், அது கீழே விழாமல் பூமியைச் சுற்றியது.

இந்த ராக்கெட்டை நம் நாட்டு ஏழைகளுக்கு உதவ வைக்கலாம் என்று நினைத்தார் ஒருவர். அவர்தான் விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12-ல் ஆமதாபாத்தில், பெரிய ஆலை முதலாளியின் வீட்டில் பிறந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தார். போர் மூண்டதால் நாடு திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். செல்வத்தில் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 28 வயதிலேயே ஆமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்.

ராக்கெட் ஏவ, திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார். பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதே காரணம். அங்கிருந்த மக்கள், தங்கள் தேவாலயத்தையே அறிவியலுக்காகக் கொடுத்தார்கள். எவ்வளவு பெரிய மனசு! தேவாலயம் அலுவலகமானது. ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் போயின.

1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் பாய்ந்தது. அதன் கீழ்ப்பகுதி, விமானங்களை வீழ்த்தும் ஏவுகணைக்காக அமெரிக்கா செய்தது. தும்பாவிலோ அது மேல்வானத்துக் காற்றை ஆராய உதவியது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று பலர் கேட்டார்கள். சாராபாய் தளரவில்லை. வானிலை அறியவும், கிராமப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் பாடம் நடத்தவும் செயற்கைக்கோள் உதவும் என்று விளக்கினார். 1969-ல் இஸ்ரோ பிறந்தது.

1971 டிசம்பர் 30-ல், 52 வயதில் அவர் திடீரென மறைந்தார். நம் ராக்கெட் நம் செயற்கைக்கோளைச் சுமப்பதை அவர் பார்க்கவே இல்லை. அவர் வளர்த்த இளைஞர்கள் பணியை விடவில்லை. 1979-ல் தோல்வி வந்தது. மறு ஆண்டே, 1980 ஜூலை 18-ல், அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3, ரோகிணியை விண்ணில் நிறுத்தியது.

2023-ல் நிலாவில் இறங்கிய சந்திரயான்-3 கலத்தின் பெயர் என்ன? விக்ரம்!

எங்கள் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை விதைப்பவர்கள், மழை வருமா என்று தொலைக்காட்சியில் மேகப்படம் பார்ப்பார்கள். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு சாராபாய் நினைவுதான் வரும். நெருப்பு ஒன்றுதான், ஊரையும் எரிக்கும், உலையையும் கொதிக்க வைக்கும். நீங்கள் கற்கும் அறிவியல் எதற்குப் பயன்பட வேண்டும்? யோசியுங்கள், செல்வங்களே!