எடைக்கு வந்த வெள்ளி... எடுத்துச் சேர்த்த மார்ஜோரி!

பழைய வெள்ளிச் சாமான் கறுத்துப் போச்சுன்னா என்ன செய்வீங்க? கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டு, வர்ற காசை வாங்கிட்டு வந்துடுவோம், இல்லையா? 1937-ல் மாஸ்கோவிலும் இப்படித்தான் நடந்தது. ஆனா, அங்கே தராசில் ஏறியது ஒரு பேரரசின் வெள்ளி. அதை ஆசையா வாங்கியவர்களில் ஒருவர், அமெரிக்காவின் பெரும் பணக்காரப் பெண்மணி மார்ஜோரி மெரிவெதர் போஸ்ட்.

1887-ல் பிறந்த மார்ஜோரி, வீட்டுக்கு ஒரே பொண்ணு. அப்பா சி.டபிள்யூ.போஸ்ட், பேட்டில் கிரீக் நகரில் தானிய உணவு கம்பெனி தொடங்கி கொடிகட்டிப் பறந்தவர். மகளுக்கும் சின்ன வயசிலேயே தொழிலைப் பழக்கினார். 1914-ல் அவர் இறந்தபோது, மொத்த கம்பெனியும் 27 வயசு மார்ஜோரியின் கைக்கு வந்தது. 1929-ல் அது ஜெனரல் ஃபுட்ஸ் என்ற பெரிய நிறுவனமா வளர்ந்தது. சொந்த வாழ்க்கை மட்டும் அவ்வளவு சுலபமா அமையலை. நான்கு திருமணங்கள், நான்குமே விவாகரத்தில் முடிந்தன.

அழகான சின்னப் பெட்டிகள் மேல் அவருக்கு எப்பவுமே ஒரு கண். ரஷ்ய மன்னர் குடும்பத்துக்கு நகை செய்த ஃபேபர்ஷே நிறுவனத்தின் பெட்டி ஒன்றை 1920-களிலேயே வாங்கிட்டார். ஆனா, அந்த ஆசையைப் பித்தாக்கியது மாஸ்கோதான்.

மூன்றாவது கணவர் ஜோசப் டேவிஸ், சோவியத் யூனியனுக்கான அமெரிக்கத் தூதரா நியமிக்கப்பட்டார். 1937 தொடக்கத்தில் இருவரும் மாஸ்கோ போய்ச் சேர்ந்தாங்க. அப்போ ஸ்டாலின் அரசுக்குத் தொழிற்சாலை இயந்திரங்கள் வாங்க வெளிநாட்டுப் பணம் தேவை. அதனால அரண்மனை, பிரபுக்கள் வீடுகள், தேவாலயங்களில் இருந்து பறிமுதல் செய்த பொருட்களைப் பல வருஷமா வித்துக்கிட்டிருந்தாங்க. கஷ்டத்தில் இருந்த பழைய குடும்பங்களும் பரம்பரைப் பொருட்களைக் கொண்டுவந்து அரசுக் கடைகளில் கொடுத்தன. அங்கே வெள்ளிக்கு எடைதான் விலை. செய்தவர் யார், எத்தனை வருஷப் பழசுன்னு யாரும் பெரிசா பார்க்கலை. கறுத்துக் கிடந்த தேவாலயக் கிண்ணங்களை மார்ஜோரி வாங்கித் துடைச்சுப் பார்த்தா, உள்ளே பளபளன்னு வேலைப்பாடு!

இங்கேதான் ஒரு நெருடல். அதே 1937-ல்தான் ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்தது. மாஸ்கோவில் ராத்திரியோட ராத்திரியா ஆட்கள் கைதானாங்க. ஒரு வெள்ளிப் பெட்டி கடைக்கு வருதுன்னா, அதுக்குப் பின்னாடி ஒரு வீடே கலைஞ்சு போயிருக்கலாம். அவர் வாங்கியதால்தான் பல பொருட்கள் உருகாமல் தப்பின என்பது உண்மை. அடுத்தவங்க துயரத்தில் மலிவா கிடைத்தது என்பதும் உண்மை. ரெண்டையும் சேர்த்தேதான் மார்ஜோரியைப் பார்க்கணும்.

1938-ல் மாஸ்கோவை விட்டுக் கிளம்பிய பிறகும் அவர் நிறுத்தலை. ஏலங்களிலும் வியாபாரிகளிடமும் தேடித் தேடி வாங்கினார். 1955-ல் வாஷிங்டனில் ஹில்வுட் மாளிகையை வாங்கியபோதே, அதை ஒருநாள் அருங்காட்சியகமா மாத்தணும்னு மனசுல வெச்சிருந்தார். 1973-ல் அவர் மறைந்தார். 1977-ல் ஹில்வுட் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. இரண்டு ஃபேபர்ஷே முட்டைகள் உட்பட அவர் சேர்த்தவை இன்னும் அங்கே இருக்கு.

பழைய ரஷ்ய வெள்ளிப் பெட்டி எதையாவது நீங்க பார்க்க நேர்ந்தா, முதல்ல முத்திரையைத் தேடுங்க. பெரும்பாலும் 84 என்ற எண் இருக்கும். சுத்த வெள்ளிக்கு அவங்க கணக்கு 96. அப்படின்னா 84 என்பது 87.5 சதவிகிதம் வெள்ளி. 1899-க்குப் பிறகு வந்ததுன்னா தலை அலங்காரத்தோட ஒரு பெண் முகமும் இருக்கும். முதலில் இடது பக்கம் பார்த்த அந்த முகம், 1908-லிருந்து வலது பக்கம் திரும்பிடுச்சு. வெள்ளியில் கறுப்புக் கோடுகளா படம் தெரிஞ்சா, அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சுடாதீங்க. செதுக்கிய பள்ளத்தில் வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் கலந்த கலவையை நிரப்பிச் சூடாக்கிச் செய்யும் நியெல்லோ வேலைப்பாடு அது. ஃபேபர்ஷே பேர் இருந்தா இன்னும் உஷார். சந்தையில் போலிகள் ஏராளம்.

மாஸ்கோ கடைக்காரர் பார்த்தது தராசு முள்ளை. மார்ஜோரி பார்த்தது செஞ்ச கையை. அடுத்த தடவை உங்க வீட்டுப் பழைய வெள்ளியை எடைக்குப் போடக் கிளம்பும்போது, ஒரு நிமிஷம் துடைச்சுப் பாருங்க. அது யாருடையதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. உருக்கிட்டா அந்தக் கதை திரும்ப வராது!