பயிர் அறுவடைப் பரிசோதனையும் மகலனோபிஸும்

தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ராகி கதிர் முற்றியதும் சில வயல்களுக்கு மட்டும் அலுவலர்கள் வருவார்கள். 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டி அறுத்து, அடித்து, எடை போட்டுக் குறித்துக்கொண்டு போவார்கள். இரண்டு மூன்று வயலைப் பார்த்துவிட்டு எல்லோருடைய பயிர் காப்பீட்டையும் முடிவு செய்யலாமா என்று விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

1893 ஜூன் 29 அன்று கொல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்துவிட்டு 1915ல் ஊர் திரும்பும்போது போரால் கப்பல் தாமதமானது. காத்திருந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் ஒரு புள்ளியியல் இதழ் கண்ணில் பட்டது. அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை, மனமோ புள்ளியியலில். 1931ல் அந்தக் கல்லூரியில் இருந்த அவருடைய அறையிலேயே இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கியது.

வங்க மொழியில் மாணவர்களின் அறிவுத்திறனைச் சோதிக்கும் தேர்வுகளையும் அவர் ஆராய்ந்தார். உளவியல் படிக்கும் பிள்ளைகள் முதல் பாடத்திலேயே 'மாறி' என்ற சொல்லைப் படிப்பார்கள். ஆளுக்கு ஆள் மாறும் எதுவும் மாறிதான்: வயது, படிப்பு, வீட்டு வசதி. வயலிலும் அப்படியே. மண், விதை, தண்ணீர், விதைத்த தேதி எல்லாம் மாறி. இவற்றைப் பொறுத்து மாறும் மகசூலும் மாறிதான். போர்வெல் உள்ள வயலை மட்டும் அலுவலர் தேர்ந்தெடுத்தால், தண்ணீர் என்ற மாறி கணக்கையே சாய்த்துவிடும். அதனால்தான் எந்த வயல் என்பதைக் குலுக்கல் போல, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு எடுக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் மகசூலைக் கண் மதிப்பீட்டில் சொல்வார்கள். 16 அணா விளைச்சலில் இத்தனை அணா என்று கிராம அலுவலர் எழுதுவதே கணக்கு. மகலனோபிஸ் 1937ல் வங்காளத்தில் சணல் பரப்பை மாதிரி முறையில் அளக்கத் தொடங்கினார். முதலில் சிறிய பகுதி. பிழையும் செலவும் எவ்வளவு என்று பார்த்து ஆண்டுதோறும் விரித்து, 1941ல் மாகாணம் முழுக்கச் செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரு கணக்கையும் ஒப்பிடுவார். அளக்கிறவரையும் அளக்க வேண்டும் அல்லவா!

அவரிடமும் ஒரு பலவீனம் இருந்தது. வட்டமாகச் சிறிய இடத்தை அறுத்தாலே போதும் என்று நினைத்தார். வேளாண் புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே அதை எதிர்த்தார். எல்லையில் நிற்கும் செடியைக் கை உள்ளேதான் இழுக்கும். 1 சதுர மீட்டர் சதுரத்துக்கு எல்லை 4 மீட்டர். 5க்கு 5 சதுரத்திலோ ஒரு சதுர மீட்டருக்கு 80 சென்டிமீட்டர்தான். இடம் சிறிதானால் மகசூல் கூடுதலாகத் தெரியும் என்ற சுகாத்மேயின் வாதமே சரி என்பது நம் எண்ணம். கூடுதலாகத் தெரிந்தால் நஷ்டம் யாருக்கு? இழப்பீடு குறையும், விவசாயிக்குத்தான்.

ஓசூர் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் சில உதிரிபாகங்களை மட்டும் எடுத்து அளந்து மொத்தத் தரத்தைக் கணிப்பதும் இதே கணக்குதான். அந்த முறையை இந்திய ஆலைகளுக்குக் கொண்டுவந்ததிலும் அவருடைய நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. 1950ல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் அவர் முயற்சியே. 1972 ஜூன் 28 அன்று, 79வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் மறைந்தார். ஜூன் 29 இப்போது தேசியப் புள்ளியியல் நாள்.

காப்பீடு உங்கள் ஒரு வயலின் இழப்புக்கு அல்ல, கிராமம் அல்லது பிர்காவின் சராசரிக்கே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. ஆகவே அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எண் விழுந்த வயலை விட்டு வேறு வயலுக்குப் போனால் காரணம் கேளுங்கள். கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறதா, எல்லைச் செடி எந்தப் பக்கம் போகிறது, தராசு என்ன காட்டுகிறது, படிவத்தில் அதே எடைதான் எழுதப்படுகிறதா என்று பாருங்கள்.