கடற்றலைவர் குஞ்ஞாலி மரைக்காயர்

சிலுவைப் போர் என்றவுடன் நம் எண்ணம் எருசலேமை நோக்கி ஓடுதல் இயல்பே. கி. பி. 1095இல் போப்பரசர் இரண்டாம் அர்பன் விடுத்த அழைப்பினால் எழுந்தது அப்போர். 1099இல் எருசலேமை ஐரோப்பியர் கைப்பற்றினர். 1187இல் சலாவுதீன் அதனை மீட்டனர். 1291இல் ஆக்கர் நகரம் வீழ்ந்தது. இவ்வளவோடு அப்போர் முடிவுற்றதென எண்ணுகின்றோம். ஆயின், அதன் பிந்திய அலைகள் நம் நாட்டுக் கரையிலும் வந்து மோதின என்பதைப் பலர் நினைப்பதில்லை.

நம் ஈரோட்டினின்று மேற்கே செல்லும் இருப்புப்பாதை, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, கோழிக்கோட்டைத் தாண்டி, வடகரையை அணுகுமுன் இரிங்கல் என்னும் சிற்றூரைத் தொடுகின்றது. அவ்வூரின் அருகே, ஆறு கடலொடு கலக்குமிடத்தில், நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரின் கோட்டை ஒருகாலத்தில் தலைநிமிர்ந்து நின்றது. அவ்வீரர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அவர் பிறந்த காலத்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். 1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தபொழுது, அவருடைய கப்பற் பாய்களில் கிறிஸ்துவின் சபை என்னும் வீரத்துறவியர் கூட்டத்தின் சிலுவை பொறிக்கப்பெற்றிருந்தது. சிலுவைப் போர்களிற் பேர்பெற்ற தெம்பிளார் என்பாரது கூட்டம் கலைக்கப்பட்டபின், அதன் உடைமைகளைப் போர்த்துக்கல் நாட்டில் ஏற்று நடத்தியது அச்சபையே. ஆகவே, போர்த்துக்கேசியர் மிளகை மட்டும் நாடி வந்தவரல்லர். முஸ்லிம்களைப் பகைவரெனக் கருதும் பழைய மனத்தையும் உடன் கொணர்ந்தனர். எருசலேமை மீட்கும் கனவு அவர்தம் மன்னர் மனுவேலுக்கும் இருந்தது.

அம்மனத்தின் விளைவு யாதாயிற்று? 1502இல் மக்காவுக்குச் சென்று மீண்ட பயணிகளின் கப்பலொன்றை ட காமா மடக்கி, அதன் பொருள்களைக் கவர்ந்தபின், ஆடவர் பெண்டிர் குழவியர் என்னும் வேறுபாடின்றி நூற்றுக்கணக்கானோருடன் தீக்கிரையாக்கினர். அந்நாள் தொட்டுத் தம்மிடம் சீட்டுப் பெறாத கலம் எதுவும் அக்கடலிற் செல்லலாகாதென்றும் விதித்தனர். மறுபுறத்தும் குற்றம் இல்லாமலில்லை. 1524இல் கொடுங்கல்லூரில் யூதரும் கிறித்தவரும் முஸ்லிம்களால் தாக்குண்டனர். ஒருவர் வெறி மற்றவர் வெறிக்கு எண்ணெயாயிற்று.

கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னர் இந்து சமயத்தவர். ஆயினும், தம் கடலைக் காக்கும் பொறுப்பை மரைக்காயர் என்னும் முஸ்லிம் வணிகக் குடியினரிடம் ஒப்புவித்தனர். தமிழ்நாட்டுக் காயற்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களிலும் இக்குடியினர் வாழ்தலை நாம் அறிவோம். மன்னர் அக்குடித் தலைவர்க்கு அளித்த பட்டமே குஞ்ஞாலி என்பது. அப்பட்டம் பூண்டோர் நால்வர். பேருருவக் கப்பல்களை நேர்நின்று எதிர்த்தல் இயலாதென்பதை அவர்கள் உணர்ந்தனர். ஆகலின், துடுப்பினால் விரைந்து செல்லும் சிறு படகுகளைக் கழிமுகங்களில் மறைத்து வைத்துத் திடீரெனப் பாய்ந்து தாக்கும் முறையைக் கைக்கொண்டனர்.

அவர்தம் போர் நம் தமிழ்க் கரையையும் தொட்டது. முத்துக்குளிக்கும் துறைகளில் பரதவர்க்கும் முஸ்லிம்களுக்கும் பூசல் மூண்டபொழுது, பரதவர் போர்த்துக்கேசியரின் துணையை நாடினர். 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்கும் பெற்றனர். 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளை என்னுமிடத்தில் மரைக்காயர்தம் படையைப் போர்த்துக்கேசியர் முறியடித்தனர். நம் தென்கரைக் கிறித்தவ வரலாற்றின் முதல் ஏடுகள் இத்தகைய போர்ப் புகையினிடையே எழுதப்பெற்றவை என்பதை நாம் மறைத்தல் தகாது.

மூன்றாம் குஞ்ஞாலியார் 1571இல் சாலியத்துப் போர்த்துக்கேசியக் கோட்டையைச் சாமூதிரிக்கு வென்று தந்தனர். அதன்பின் மன்னர் இசைவு பெற்றுப் புதுப்பட்டணத்தில் தமக்கொரு கோட்டை எடுத்தனர். அக்காலத்தில்தான் பொன்னானியைச் சார்ந்த ஷெய்கு சைனுத்தீன் என்னும் அறிஞர், போர்த்துக்கேசியரை எதிர்த்தல் சமயக் கடமையென வற்புறுத்தி அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினர். இருபுறத்தும் போருக்குத் திருப்போர் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

1595இல் மூன்றாமவர் மறைய, நம் வரலாற்றுத் தலைவராகிய நான்காமவர் பட்டம் எய்தினர். அவர் கோட்டையை முன்னினும் வலிமைப்படுத்தினர். கடலில் அவர் பெயர் கேட்டு மாற்றார் கலங்கினர். ஆயின், வெற்றியோடு செருக்கும் வளர்ந்தது. தம்மை இந்தியக் கடலின் தலைவரென விளம்பினர். மன்னர்க்குரிய பட்டங்களைத் தாமே புனைந்தனர். சாமூதிரியின் யானையொன்றின் வாலை அவர் அறுப்பித்தனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், தம்மை வளர்த்த மன்னர் மனத்தைப் புண்படுத்தினர் என்பதில் ஐயமில்லை. மன்னரும் 1584இலேயே போர்த்துக்கேசியரோடு உடன்படிக்கை செய்திருந்தனர். நட்பு நைந்தது, பகை முற்றியது.

நூறாண்டு பகைத்த இரு கூட்டத்தாரும், இந்து மன்னரும் கிறித்தவப் படைத்தலைவரும், ஒரு முஸ்லிம் தலைவரை வீழ்த்த ஒன்றுகூடினர். 1599இல் ட காமாவின் மரபில் வந்த லூயிஸ் ட காமா என்பார் கோட்டையைத் தாக்கினர். இரவிற் காட்டிய அடையாளம் பிழைபட்டமையால் படைகள் முன்பின்னாகச் சென்று சிதைந்தன. பலர் ஆற்றில் மூழ்கி மாண்டனர். குஞ்ஞாலியாரின் புகழ் உச்சியை எய்தியது. எனினும் அது நெடிது நிற்கவில்லை. ஆந்திரே புர்த்தாதோ என்னும் தேர்ந்த தளபதி மற்றொரு படையுடன் வந்து கடல் வழியை அடைத்தனர். நிலத்தின் புறத்தே சாமூதிரியின் சேனை சூழ்ந்தது. உணவு அருகியது, துணைவர் குறைந்தனர்.

உயிருக்குத் தீங்கு நேராதென மன்னர் வாக்களித்தனர். அவ்வாக்கை நம்பி, 1600ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் குஞ்ஞாலியார் கோட்டையினின்று வெளிப்போந்தனர். தலையிற் கறுப்புத் துணி கட்டி, வாளின் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, தம் பழைய தலைவராகிய சாமூதிரியிடம் சென்று அவ்வாளை ஒப்படைத்தனர். அந்நொடியே புர்த்தாதோ அவரைப் பற்றி இழுத்தனர். அவரைப் போர்த்துக்கேசியர்க்கு அளிப்பதென முன்னரே பேசி முடிவாகியிருந்தது. அதனைக் கண்ட சாமூதிரியின் நாயர் வீரர் பொறாது ஆர்ப்பரித்தெழுந்தனர். அதுகாறும் அவரை எதிர்த்துப் பொருதோர் அவரே அல்லரோ? பகைவனாயினும் அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுத்தல் ஆகாதென்னும் அறம் அவர்கள் உள்ளத்தில் அழியாது நின்றது. ஆயினும் பயனில்லை. குஞ்ஞாலியார் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தலை துணிக்கப்பெற்றனர். அத்தலை உப்பிடப்பட்டுக் கண்ணூரில் மக்கள் காண நிறுத்தப்பட்டது. கோட்டையும் தரைமட்டமாயிற்று.

இவ்வெற்றியாற் போர்த்துக்கேசியர் எய்திய பயன் யாது? குஞ்ஞாலியாரின் உறவினராகிய இளைஞரொருவர் கோவாவிற் சிறையிருந்து, திருமுழுக்குப் பெற்றுப் பேதுரு என்னும் பெயரும் பூண்டனர். பின்னர்த் தப்பியோடி மீண்டும் அவர்களையே கடலில் எதிர்த்தனர். அச்சத்தால் ஊற்றிய நீர் உள்ளத்தை நனைக்கவில்லை. 1604இல் சாமூதிரி டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்தனர். 1663இல் கொச்சியினின்று போர்த்துக்கேசியரை ஓட்டியோர் முஸ்லிம்கள் அல்லர். சிலுவையை வணங்கும் டச்சுக்காரரே. சமயத்தின் பொருட்டே அப்போர் நிகழ்ந்திருப்பின், கிறித்தவரைக் கிறித்தவர் துரத்தியது எற்றுக்கு? மிளகுச் சாக்கின்மேல் சிலுவைக் கொடி போர்த்தப்பட்டிருந்தது என்பதே உண்மை.

கிறித்தவக் கல்லூரியிற் பயிலும் நாம் இவ்வரலாற்றைக் கூசாது கற்றல் வேண்டும். கிறிஸ்து பெருமான் தம்மைப் பிடிக்க வந்தோரை வெட்டிய சீடரது வாளை உறையிலிடுமாறு பணித்தனர். அவர் பெயரால் கப்பலைக் கொளுத்தியோரும், அடைக்கலத்தை அழித்தோரும் அப்பணியை மறந்தோரேயாவர். அவர் செயலை நம் சமயத்தின் வெற்றியெனக் கொண்டாடுதல் நம் சமயத்துக்கே இழுக்கு. குஞ்ஞாலியாரைக் குறையற்றவர் என்றும் யாம் கூறவில்லை. அவர்தம் செருக்கே அவர்க்குப் பாதிக் கோட்டையை இடித்தது. ஆயினும், நாட்டின் கடலைக் காக்க வாழ்நாளை ஈந்தவர் அவர் என்பது மெய்.

இந்திய நாடு அவரை மறக்கவில்லை. பம்பாயிலுள்ள நம் கடற்படை நிலையமொன்று குஞ்ஞாலி என்னும் பெயரைத் தாங்குகின்றது. அவர் மாண்டு நானூறாண்டு நிறைந்த 2000ஆம் ஆண்டில் அரசு அவர் நினைவாக அஞ்சல்தலையும் வெளியிட்டது. இன்று அக்கல்லூரி, இச்சாலை, அத்தெரு என எங்கும் கிறித்தவரும் முஸ்லிம்களும் இந்துக்களும் அருகருகே வாழ்கின்றோம். முன்னோர் செய்த பிழையை அறிந்தோர்க்கே அதனைச் செய்யாதிருத்தல் எளிதாகும். நண்பர்காள்! கொடுத்த வாக்கைக் காத்தலே எச்சமயத்தார்க்கும் முதற்சமயம் என்பதை இவ்வீரர் வரலாற்றினின்று நாம் கற்போமாக.