லவாசியே பண்டிதர்

ஓடுங்கால் மூச்சு இரைப்பதேன் என்பதை முதன்முதல் அளந்தறிந்த பிரெஞ்சு இரசாயன சாஸ்திரி அந்துவான் லவாசியேயின் சரிதத்தை யாம் இங்குச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1743-ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பிறந்தார். சட்டம் பயின்றும், இயற்கை ஆராய்ச்சியிலேயே மனஞ் செலுத்தினார். 1768-இல் விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தினராயினார். அவ்வாண்டிலேயே அரசனுக்கு வரி தண்டும் குத்தகைக் கூட்டத்திலும் பங்கு கொண்டார். அவ்வருவாய் அவர்தம் ஆராய்ச்சிக்கு உதவிற்று. பின்னர் அதுவே அவருக்கு யமனுமாயிற்று.

சுவாசமும் ஒருவகை மந்தமான எரிதலே என்று தெளிந்த இவர், 1790-ஐ ஒட்டிய காலத்தில், செகேன் என்னும் துணைவரின் முகத்திற் கவசம் பொருத்தி, அவர் உட்கொள்ளும் பிராணவாயுவை அளந்தார். உணவின்றி வாளா இருக்கையில் மணிக்கு 1,210 பிரெஞ்சு கன அங்குலமாயிருந்த அளவு, காலாற் பாரந் தூக்குகையில் 3,200 ஆக உயர்ந்தது. ஆகவே, உழைப்பவன் தன் உடலையே எரித்து உழைக்கின்றான். அவனுக்கே உணவு மிகுதியும் வேண்டும். உலகிலோ அவனுக்கே அது குறைவாய்க் கிடைக்கின்றது. இம்முரண்பாட்டைக் கண்டு இவர் வருந்தினார்.

புரட்சி மூண்டபின், வரிக் குத்தகைக்காரர் பிறரோடு இவரும் சிறைப்பட்டு, 1794 மே 8-ஆம் நாள், 50-ஆம் வயதிற் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

உழைப்பாளியின் மூச்சை மதித்துணர்ந்தவரும், அவனது வரியாற் செல்வமெய்தியவரும் ஒருவரே. இவ்விரண்டையும் ஒருங்கே நினைந்தே நாம் இப்பெரியாரைப் போற்றுதல் வேண்டும்.