சுரூபம் இல்லாத முதல் குடில்

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் வீடுகளில் பரண்மேல் இருக்கும் அட்டைப்பெட்டி கீழே இறங்கிவிடுகிறது. பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்த சுரூபங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறோம். காது உடைந்த கழுதை, ஒரு கை இல்லாத இடையர், வண்ணம் உரிந்த ஞானியர் என எல்லாரும் வெளியே வருகிறார்கள். பிள்ளைகள் ஆசையோடு ஓடிவந்து கை வைக்கும்போது நாம் அதட்டுகிறோம். தொட்டால் உடைந்துவிடும், தள்ளி நில் என்கிறோம். குடில் வேலை முடியும்வரை அவர்கள் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருக்கிறார்கள். பங்கில் குடில் போட்டி என்றால் கேட்கவே வேண்டாம். மோட்டார் வைத்து அருவி ஓடும் குடிலுக்குத்தான் முதல் பரிசு. அதில் பிள்ளைகளின் கைவேலை எள்ளளவும் இருக்காது.

இந்தக் குடில் வழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் நாம் புனித பிரான்சிஸ் அசிசியாரை நினைக்கிறோம். ஆனால் 1223-ஆம் ஆண்டு அவர் அமைத்த குடிலில் ஒரு சுரூபம்கூட இல்லை என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

பிரான்சிஸ் இத்தாலி நாட்டின் அசிசி நகரில் 1181 அல்லது 1182-இல் பிறந்தார். தந்தை பியத்ரோ பெர்னார்தோனே செல்வம் மிக்க துணி வணிகர். தாய் பீக்கா. திருமுழுக்கில் ஜொவான்னி என்று பெயரிடப்பட்ட குழந்தைக்கு, வணிகப் பயணம் முடிந்து பிரான்சு நாட்டிலிருந்து திரும்பிய தந்தைதான் பிரான்செஸ்கோ என்ற பெயரை வைத்தார். விருந்தும் பாட்டும் பகட்டான உடையுமாக இளமை கழிந்தது. 1202-இல் பெரூஜியா நகருக்கு எதிரான போரில் பிடிபட்டு ஏறக்குறைய ஓராண்டு சிறையில் இருந்தார். பிறகு நோய். பிறகு தொழுநோயாளர்களோடு ஏற்பட்ட சந்திப்பு. பழைய வாழ்க்கை அவருக்குக் கசந்துபோனது.

இங்கே நம் கவனத்திற்குரிய ஒன்று உண்டு. பாழடைந்த சான் தமியானோ ஆலயத்தில், சிலுவையிலிருந்து ஆண்டவர் தம் இல்லத்தைச் சீர்படுத்தச் சொல்வதைப் பிரான்சிஸ் கேட்டார். உடனே தந்தையின் துணிகளையும் குதிரையையும் விற்று, பணத்தை அங்கிருந்த குருவிடம் கொண்டுபோனார். குரு வாங்க மறுத்துவிட்டார். தந்தையின் கோபமும் சேர்ந்துகொள்ள, 1206-இல் ஆயர் குயிதோவின் முன்னிலையில் தாம் உடுத்தியிருந்த உடைகளையும் கழற்றிக் கொடுத்துவிட்டார் பிரான்சிஸ். இனி அவரிடம் இருந்தவை இரண்டு கைகள் மட்டுமே. அசிசித் தெருக்களில் கல் பிச்சை கேட்டார். கல்லைத் தோளில் சுமந்துவந்து சுவர் எழுப்பினார். சான் தமியானோவுக்குப் பிறகு இன்னும் இரண்டு ஆலயங்களை அவ்வாறே பழுதுபார்த்தார். அவற்றில் ஒன்றுதான் போர்சியுங்குலா. காசு கொடுத்து முடிக்கக்கூடிய வேலையை இறைவன் அவரிடம் கேட்கவில்லை போலும்.

1209-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவருடைய சிறு குழுவின் வாழ்க்கை முறைக்கு இசைவளித்தார். 1212-இல் கிளாரா வந்து சேர்ந்தார். 1219-இல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த எகிப்துக்குப் போய், சுல்தான் மாலிக் அல்-காமிலை ஆயுதமின்றிச் சந்தித்தார். இவற்றை நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதிகம் கேட்டிராத சிறு நிகழ்ச்சி ஒன்று: ஒரு தவக்காலத்தில் ஓய்வு நேரத்தை வீணாக்காதிருக்க, அவர் தம் கையால் சிறு பாத்திரம் ஒன்றைச் செய்துவந்தார். செபவேளையில் கண்ணும் மனமும் அதன்மேல் போயின. செபம் முடிந்ததும் அதை எடுத்துத் தீயில் போட்டுவிட்டார். கைவேலையை அவர் வெறுத்தவர் அல்லர். சகோதரர்கள் அனைவரும் கையால் உழைக்க வேண்டும் என்று தம் இறுதிச் சாசனத்திலும் எழுதினார். செய்த பொருள் செபத்தைவிடப் பெரிதாகிவிட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. போட்டிக்குக் குடில் கட்டும் நமக்கு இது சற்று உறைக்கத்தான் செய்கிறது.

1223 நவம்பர் 29 அன்று திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் அவருடைய சபையின் ஒழுங்குகளை உறுதிப்படுத்தினார். அப்போது பிரான்சிசுக்கு நாற்பது வயதுக்குச் சற்றே கூடுதல். உடல் தளர்ந்திருந்தது, கண்களிலும் நோய். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் இருக்கும்போது, ரியேத்தி பள்ளத்தாக்கில் உள்ள கிரேச்சோ ஊரின் பெருமகன் ஜொவான்னியை அழைத்தார். ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, இவ்வளவே அவர் கேட்டவை. பெத்லகேமில் பிறந்த குழந்தை எத்தகைய வறுமையில் கிடத்தப்பட்டது என்பதைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவருடைய ஆசை. புதுமை செய்கிறார் என்ற குறை எழாதிருக்கத் திருத்தந்தையின் அனுமதியையும் பெற்றிருந்தார் என்று பின்னாளில் புனித பொனவெந்தூர் எழுதுகிறார்.

அன்றிரவு சுற்றுவட்டார மக்கள், ஆணும் பெண்ணுமாக, மெழுகுதிரிகளும் தீப்பந்தங்களும் ஏந்தி மலைப்பாதையில் ஏறி வந்தார்கள். காடு பாட்டால் நிறைந்தது. தீவனத் தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, மறையுரையும் ஆற்றினார். பெத்லகேம் என்னும் சொல்லை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் நீட்டி உச்சரித்தாராம். இயேசுவின் பெயரைச் சொல்லும்போது தேனைச் சுவைத்தவர்போல் உதட்டைச் சப்பிக்கொண்டாராம். சில ஆண்டுகளில் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமாதான் இதைப் பதிவு செய்திருக்கிறார். அங்கு மரியாவும் இல்லை, யோசேப்பும் இல்லை, தொட்டியும் வெறுமையாக இருந்தது. அந்தத் தொட்டியில் ஒரு குழந்தை உறங்குவதையும், பிரான்சிஸ் நெருங்கியபோது அது விழிப்பதையும் நல்லவர் ஒருவர் காட்சியாகக் கண்டதாகத் தோமா சொல்கிறார். வெற்றிடம் இருந்ததால்தானே அவரால் காண முடிந்தது!

சுரூபங்கள் பின்னர் வந்தவை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிற்பி அர்னோல்போ தி காம்பியோ செதுக்கிய குடில் சுரூபங்கள் ரோமை புனித மரியா பேராலயத்தில் இருக்கின்றன.

கிறிஸ்து பிறப்பு விழா என்றால் பிரான்சிஸ் சிறுபிள்ளையாகிவிடுவார். ஓராண்டு விழா வெள்ளிக்கிழமையில் வந்தது. ஒறுத்தல் நாளாயிற்றே என்று ஒரு சகோதரர் தயங்கியபோது, இந்நாளில் சுவர்களும் இறைச்சி உண்ண வேண்டும், உண்ண முடியாவிட்டால் அவற்றின்மேல் பூசவாவது வேண்டும் என்றார். மாட்டுக்கும் கழுதைக்கும் கூடுதல் தீவனம் வைக்க வேண்டும், பறவைகளுக்காகச் சாலைகளில் தானியம் தூவப் பேரரசர் ஆணையிட வேண்டும் என்றெல்லாம் விரும்பினார். அடுத்த ஆண்டு, 1224 செப்டம்பரில், லவேர்னா மலையில் ஐந்து காயங்களைப் பெற்றார். 1226 அக்டோபர் 3 மாலை, தம் கையால் பழுதுபார்த்த போர்சியுங்குலா ஆலயத்தின் அருகில், வெறுந்தரையில் கிடந்து உயிர்நீத்தார். 1228-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இந்த ஆண்டு நம் வீட்டுக் குடிலைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பார்ப்போம். தீப்பெட்டியின் உள்தட்டு ஒன்று போதும், அதுவே தீவனத் தொட்டி. கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, மண் நிரப்பிய கொட்டாங்குச்சியில் இப்போதே தூவினால் விழாவுக்குள் பச்சைப் புல் வளர்ந்துவிடும்; தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு மூன்று வயதுப் பிள்ளைக்குப் போதுமானது. இரண்டு பங்கு மைதாவும் ஒரு பங்கு தூள் உப்பும் சேர்த்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால், மாடும் கழுதையும் செய்துகொள்ளலாம். சில நாள் நிழலில் காய்ந்தால் கெட்டியாகிவிடும். கழுதை பூனைபோல் இருக்கிறதா? இருக்கட்டும், நாம் திருத்த வேண்டாம். தம்பியோடு சண்டை போடாத நாளுக்கும், பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த நாளுக்கும் ஒவ்வொரு வைக்கோலைப் பிள்ளைகளே தொட்டியில் இடட்டும்.

24-ஆம் நாள் இரவுவரை தொட்டியில் வைக்கோல் மட்டுமே இருக்கட்டும். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், வீட்டின் கடைக்குட்டியைத் தூக்கக் கலக்கத்தோடு எழுப்பியாவது, பாலன் இயேசுவை அதன் கையால் வைக்கச் சொல்வோம். குடிலைக் கலைக்கும்போது அந்த வைக்கோலைக் குப்பையில் போட வேண்டாம். அக்கம்பக்கத்தில் மாடு இருந்தால் போடலாம். கிரேச்சோ மக்கள் அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி வைத்து, நோயுற்ற தங்கள் கால்நடைகளுக்குத்தான் கொடுத்தார்கள்.