கரண்ட் லைன் வராத காலத்திலேயே சொந்த ஜெனரேட்டரில் தியேட்டர்! யார் இந்த சாமிக்கண்ணு வின்சென்ட்?

கரண்ட் போனா ஜெனரேட்டர். ஸ்ரீரங்கம் திருவிழாவில் கடை போடுறவங்க, வேனில் ஊர் ஊராகப் போய் டென்ட் அடிச்சுத் தங்குறவங்க என எல்லாருக்கும் இப்போ இது பழகிப்போச்சு. ஆனா, ஊருக்குள் மின்கம்பியே வராத காலத்தில் ஒருத்தர் சொந்தமா மின்சாரம் தயாரிச்சு சினிமா காட்டினார். அவரோட பயணம் தொடங்கியது திருச்சியில்தான்!

25 ரூபாய் சம்பளக்காரர்

1883-ல் கோவையில் பிறந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர் வேலை. மாதச் சம்பளம் 25 ரூபாய்.

1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்ட திருச்சி வந்தார். உடல்நிலை மோசமானதால் ஊர் திரும்ப முடிவு செய்து, புரொஜெக்டரையும் படங்களையும் விற்க முன்வந்தார். விலை 2,250 ரூபாய். அதாவது வின்சென்ட்டின் ஏழரை வருஷச் சம்பளம்! அப்போ அவருக்கு வயசு 22. பணத்தைப் புரட்டி வாங்கியே விட்டார். ரயில்வே வேலையையும் விட்டார்.

டென்ட்டோடு ஊர் ஊராக...

திருச்சியில் ஆரம்பித்து லாகூர், பெஷாவர் வரை டென்ட் அடித்துப் படம் காட்டினார். அவர் கொண்டுபோனதில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. 1909-ல் சென்னை எஸ்பிளனேடில் அவரது டென்ட் சினிமா நடந்தது.

சொந்த கரண்ட்

1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். கோவையின் முதல் நிரந்தர தியேட்டர் இது. பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதே 1932-ல்தான். அதனால் தியேட்டருக்குச் சொந்தமாக ஜெனரேட்டர் வைத்தார். அதோடு நிற்கவில்லை. மின்சாரத்தில் இயங்கும் மாவு மில், அச்சகம் எனத் தொழிலை விரித்தார்.

1933-ல் 'வள்ளி திருமணம்' படத்தின் தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1942-ல் காலமானார். தியேட்டர் பின்னாளில் டிலைட் எனப் பெயர் மாறினாலும், கோவையில் வெரைட்டி ஹால் ரோடு இன்னும் அவரை ஞாபகப்படுத்துது.

இப்போ ஜெனரேட்டர் வாங்குறீங்களா?

* விலையைப் பார்க்கும் முன் லோடைக் கணக்குப் போடுங்க. ஒரே நேரத்தில் ஓட வேண்டிய லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாத்தோட வாட்ஸையும் கூட்டுங்க.
* ஃப்ரிட்ஜ், தண்ணி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதுக்கும் இடம் விட்டு வாங்குங்க.
* லேப்டாப், டிவிக்கு இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் பாதுகாப்பு. வோல்டேஜ் சீரா இருக்கும், சத்தமும் குறைவு.
* வீட்டுக்குள்ள, டென்ட்டுக்குள்ள, வேனுக்குள்ள ஓட்டவே கூடாது! புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி வைங்க.