மூன்று வருடம் சம்பளமே வாங்காத பேராசிரியர்: யார் இந்த ஜகதீஷ் சந்திர போஸ்?

ஒரே வேலை, ஒரே தகுதி. ஆனா உங்களுக்கு மட்டும் சம்பளம் குறைவு என்றால் என்ன செய்வீங்க? ஹெச்.ஆருக்கு மெயில் போடலாம், வேறு வேலை தேடலாம். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்த ஜகதீஷ் சந்திர போஸ், சம்பளத்தையே வாங்காமல் விட்டார். பாடம் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஐரோப்பியர் வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்குதான் அப்போது இந்தியருக்கு. தற்காலிக நியமனம் என்பதால் போஸுக்கு அதிலும் பாதி. கேம்பிரிட்ஜில் படித்தவர், அப்பாவுக்கோ கடன் தலைக்கு மேல். மூன்று வருடம் கழித்து நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

1858-ல் இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தவர் இவர். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் சேர்த்தது சாதாரண வங்காளப் பள்ளியில்தான்.

கல்லூரியில் உருப்படியான ஆய்வகம் கிடையாது. உள்ளூர் தகரக் கொல்லரை வைத்தே கருவிகள் செய்துகொண்டார். மின்காந்த அலை ஆய்வுக்கு அவர் பயன்படுத்தியதில் ஒன்று, ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! பக்கங்களுக்கு நடுவே தகரத் தாளைச் செருகினால், ஒரு திசையில் அதிரும் அலையை மட்டும் அது வடிகட்டி அனுப்பும். மற்றவர்கள் நீண்ட அலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, இவர் இறங்கியது 5 மில்லிமீட்டர் அலைக்கு. அதாவது 60 கிகாஹெர்ட்ஸ். இன்று அதிவேக வைஃபைக்குப் பயன்படும் அலைவரிசைகளில் ஒன்று அது. 1890-களின் மத்தியில் கல்கத்தா டவுன் ஹாலில், சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார்.

அப்போ ரேடியோவைக் கண்டுபிடித்தது போஸ்தானா? வாட்ஸ்அப் ஃபார்வேர்டு சொல்வது போல அவ்வளவு நேரடியானது இல்லை. தூரத்துக்குச் செய்தி அனுப்பும் அமைப்பைக் கட்டி, அதை வியாபாரமாக்கியது மார்கோனி. ஆனால் 1901-ல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த சிக்னலைப் பிடிக்க அவர் பயன்படுத்திய பாதரசக் கருவியின் வடிவம், 1899-லேயே போஸ் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது என்று ஆய்வாளர்கள் பின்னர் வாதிட்டார்கள். மார்கோனிக்கு 1909-ல் நோபல் கிடைத்தது.

லண்டனில் ஒரு தந்தி நிறுவன முதலாளி ஒப்பந்தத்தோடு வந்தும் போஸ் கையெழுத்துப் போடவில்லை. அறிவை விற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. தோழிகள் நிவேதிதாவும் சாரா புல்லும் வற்புறுத்தியதால்தான், கலீனா படிகத்தால் அலையைக் கண்டறியும் கருவிக்கு விண்ணப்பித்தார். 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைக் காசாக்க அவர் எதுவும் செய்யவில்லை, காலாவதியாக விட்டுவிட்டார். குறைகடத்திக் கருவிக்கு உலகில் கிடைத்த ஆரம்பகாலக் காப்புரிமைகளில் ஒன்று அது. சம்பளத்துக்காக மூன்று வருடம் மல்லுக்கட்டியவர் இதை ஏன் விட்டார்னு கேட்கலாம். அவருக்கு அது மரியாதை விஷயம், இது வியாபாரம்.

பிறகு தாவரங்கள் பக்கம் போய், செடி வளர்வதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃபை உருவாக்கினார். செடிக்கும் உணர்வுண்டு என்ற அவரது முடிவுகளைப் பல விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. 1917-ல் கல்கத்தாவில் போஸ் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியபோதும், அங்கே நடக்கும் ஆய்வுக்குக் காப்புரிமை வாங்குவதில்லை என்றே அறிவித்தார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் இறந்தார். அவர் செய்த கருவிகள் இன்றும் அந்த நிறுவனத்தில் இருக்கின்றன.